சல்லிவன் வகுத்த நெறிகள்

நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தொழிலாளி எந்திரத்தை இயக்கலாம். எந்திரத்தை இயக்குவோருக்கு ஆணையிடும் இருக்கையை அவர் எட்டுவது அரிது. குறிப்பிட்ட வேலைகளைக் குறிப்பிட்ட இனத்தவர்க்கென ஒதுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டமொன்று அரசுக்கு அதிகாரம் அளித்தது. சட்டம் தடுக்காத இடங்களில் வழக்கம் தடுத்தது. இந்நிலையை அங்கு இயங்கிய அமெரிக்க நிறுவனங்களின் வழியாகவே மாற்ற முனைந்தவர் லியோன் சல்லிவன் என்னும் சமயப் போதகர்.

அவர் 1922இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். நெடிதுயர்ந்த உடலும் விளையாட்டுத் திறனும் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுத் தந்தன. காலில் பட்ட காயத்தால் அவ்வுதவி நின்றுபோக, எஃகு ஆலையில் உழைத்துப் படிப்பை முடித்தார். 1950இல் பிலடெல்பியாவின் சீயோன் திருச்சபைக்குப் போதகரானார்.

அந்நகரில் கறுப்பின மக்கள் வாங்கும் பொருள்களை விற்ற நிறுவனங்கள் பல, அம்மக்களின் பிள்ளைகளுக்கு நல்ல வேலை தர முன்வரவில்லை. வேண்டுகோள் பயனளிக்காதபோது, சல்லிவன் ஏறத்தாழ நானூறு போதகர்களை ஒன்றிணைத்தார். 1960இல் கேக் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் பொருள்களை வாங்க வேண்டாமென அவர்கள் தத்தம் சபைகளில் அறிவித்தனர். சில மாதங்களிலேயே நிறுவனம் இணங்கியது. ஆனால், கதவு திறந்தபின் வேறொரு குறை புலப்பட்டது. திறக்கப்பட்ட வேலைகளுக்குரிய பயிற்சி பலருக்கு இல்லை. ஆகவே, 1964இல் கைவிடப்பட்ட சிறைக்கட்டடம் ஒன்றில் தொழிற்பயிற்சி நடுவத்தைத் தொடங்கினார். போராட்டத்தைவிட இப்பணியே அவருடைய நுண்ணறிவைக் காட்டுகிறது எனலாம்.

1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் நிலையை அடைந்தார். அவ்வாண்டுப் பங்குதாரர் கூட்டத்திலேயே, நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டுமென்று சக இயக்குநர்களுக்கு எதிராகப் பேசினார். தீர்மானம் தோற்றது.

பின்னர் 1977இல் அவர் ஆறு நெறிகளை வகுத்தார். உணவுக்கூடம், கழிப்பிடம், பணியிடம் ஆகியவற்றில் இனப்பிரிவினை கூடாது; வேலை வாய்ப்பில் நேர்மையும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியமும் வேண்டும்; கறுப்பினத்தவரை எழுத்தர், தொழில்நுட்பர், மேற்பார்வையாளர் பணிகளுக்குப் பயிற்றுவிக்க வேண்டும்; மேலாண்மைப் பதவிகளில் அவர்தம் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும்; பணியிடத்துக்கு வெளியே குடியிருப்பு, கல்வி, உடல்நலம் ஆகியவற்றையும் மேம்படுத்த வேண்டும் என்பன அவை. முதலில் 12 நிறுவனங்கள் ஒப்பமிட்டன. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டவை இணைந்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு நிறைவேற்றியது என்பது ஆண்டுதோறும் மதிப்பிடப்பட்டுத் தரமிடப்பட்டது.

இந்நெறிகள் கடும் கண்டனத்துக்கும் உள்ளாயின. தொழிற்சாலைக்குள் சமமாக அமர்ந்து உண்பவர், வெளியே வந்ததும் வாக்குரிமையற்றவராகிறார். இத்தகைய சீர்திருத்தம் நிறவெறிக்கு ஒப்பனை செய்வதாகும் என்று பலர் வாதிட்டனர். அதில் உண்மை இருந்தது. சல்லிவன் அதைப் புறந்தள்ளவில்லை. நிறவெறிச் சட்டங்களையே எதிர்க்கும் கடமையை 1984இல் நெறிகளுடன் சேர்த்தார். மறு ஆண்டில் இரண்டாண்டுக் கெடு விதித்தார். கெடு முடிந்த 1987இல், தாம் பத்தாண்டுகள் பேணி வளர்த்த திட்டம் நிறவெறியை வீழ்த்தவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நிறுவனங்கள் அனைத்தும் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென அறைகூவல் விடுத்தார். 1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். சல்லிவன், ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் பணியில் பிற்கால ஆண்டுகளைச் செலவிட்டு, 2001இல் மறைந்தார்.