தொழில் பழகும் பிள்ளைகளின் தந்தை

உங்கள் கடையிலோ பட்டறையிலோ தொழில் பழகவென்று ஒரு பையன் வந்து நிற்கிறானா? அல்லது உங்கள் மகனை ஒரு மேசனிடமோ, தையற்காரரிடமோ, கராஜிலோ சேர்த்துவிட எண்ணியிருக்கிறீர்களா? அப்படியானால் ஆண்டுதோறும் தை மாதம் 31ஆந் திகதி நாம் திருநாள் கொண்டாடும் புனித யோவான் பொஸ்கோவின் வாழ்க்கையை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சிறுவரின் நண்பர் என அவரை எல்லோரும் அறிவோம். ஆனால், தொழில் பழகும் சிறுவருக்காக முதலாளிமாரிடம் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பம் வாங்கிய குருவானவரும் அவரே என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1815ஆம் ஆண்டு ஆவணி மாதம் 16ஆந் திகதி, வட இத்தாலியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஓர் ஏழைக் கமக்காரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னரே தகப்பனை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மாள் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். தகப்பனாரின் முதல் தாரத்து மகனாகிய அந்தோனியோவுக்கு, தம்பி புத்தகமும் கையுமாக இருப்பது பிடிக்கவில்லை. வீட்டிற் சமாதானம் கெடாதிருக்க, 1828இல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாய் வேறொருவரின் தோட்டத்துக்கு வேலையாளாக அனுப்ப வேண்டியதாயிற்று. பின்னர் படிக்கும் காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தையல் பழகினார், கோப்பிக் கடையில் வேலை செய்தார், தச்சு வேலையும் செருப்புத் தைக்கும் வேலையும் கற்றார். பிறர் வீட்டில் உழைத்து உண்ணும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1841ஆம் ஆண்டு ஆனி மாதம் 5ஆந் திகதி குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகருக்குச் சென்றார். வேலை தேடி நாட்டுப்புறச் சிறுவர் அந்நகருக்குக் கூட்டங் கூட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது. தம் ஆன்ம குருவாகிய கப்பாசோ அடிகளாருடன் அவர் சிறைச்சாலைகளுக்குச் சென்றார். அங்கே மீசை அரும்பாத பிள்ளைகள் கம்பிகளுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கக் கண்டு நெஞ்சு நொந்தார். விடுதலை பெற்றுப் போனவர்கள் சில நாட்களில் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். வெளியே அவர்களைப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாததே அதற்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

அவ்வாண்டு மார்கழி 8ஆந் திகதி, அமலோற்பவ மாதாவின் திருநாள். கோவிலின் பூசை ஆயத்த அறைக்குள் ஒரு பையன் வந்து நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதும், கோவிற் பணியாளர் அவனைத் தடியால் அடித்துத் துரத்தினார். அடியின் சத்தம் கேட்ட பொஸ்கோ அடிகளார், அவன் என் நண்பன் என்று கூறி அவனைத் திரும்ப அழைப்பித்தார். அவன் பெயர் பர்த்தலொமேயோ கரெல்லி. தாய் தகப்பன் இல்லாதவன். மேசன் வேலை செய்பவன். பூசை முடிந்ததும் அவனோடு அன்பாகப் பேசி ஞானோபதேசம் தொடங்கினார். அந்த ஒருவனிலிருந்து வளர்ந்ததே ஓரத்தோரியம் என்னும் இளைஞர் இல்லம். 1846இல் அது வல்தொக்கோ என்னுமிடத்தில் நிலைபெற்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்மிடம் வரும் பிள்ளைகள் மற்றைய ஆறு நாட்களும் எங்கே, எப்படி இருக்கிறார்கள்? இக்கேள்வி அவரை உறங்கவிடவில்லை. கட்டட வேலைத் தளங்களுக்கும் பட்டறைகளுக்கும் அவரே நடந்து போய்ப் பார்த்தார். பழைய தொழிற் சங்கங்கள் அந்நாட்டில் 1844இல் ஒழிக்கப்பட்டிருந்தன. அதனால் பழகுநரைக் காக்கும் பழைய கட்டுப்பாடுகளும் தளர்ந்துபோயின. தொழில் படிக்க வந்தவன் தண்ணீர் சுமப்பான், வீட்டு வேலை செய்வான், அடி வாங்குவான். தொழிலை மட்டும் படிக்கமாட்டான்.

இதற்கு அவர் கண்ட மருந்துதான் எழுத்து ஒப்பந்தம். 1851ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், யோசேப்பு பொர்தோனே என்னும் இளைஞனுக்காகக் கண்ணாடித் தொழிலாளர் கார்லோ அயிமீனோவுடன் ஒன்று எழுதப்பட்டது. 1852 மாசி மாதத்தில், யோசேப்பு ஒதாசோ என்பவனுக்காகத் தச்சர் பெர்த்தொலீனோவுடன் மற்றொன்று எழுதப்பட்டது. பையனின் தகப்பன் பிணை நின்றார், அடிகளாரும் கையொப்பமிட்டார்.

அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று, வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, கவனித்துப் பாருங்கள். தொழிலை மறைக்காமல் முழுமையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலோடு சம்பந்தமில்லாத வேலைகளில் அவனை ஏவக் கூடாது. அவன் பெலத்துக்கு மிஞ்சிய சுமை ஏற்றக் கூடாது. பிழை செய்தால் நல்ல வார்த்தையால் திருத்தலாம். கை ஓங்கக் கூடாது. ஞாயிறும் திருநாட்களும் அவனுக்கு முழுமையாக விடப்பட வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை வேண்டும். கைத்திறன் கூடக் கூடக் கூலியும் கூட வேண்டும்: பொர்தோனேக்கு முதலாம் ஆண்டு நாளொன்றுக்கு 1 லீரா, இரண்டாம் ஆண்டு ஒன்றரை, மூன்றாம் ஆண்டு 2 லீரா.

முதலாளியை மட்டும் அவர் கட்டிப்போடவில்லை. பையன் கீழ்ப்படிவுடனும் கவனத்துடனும் உழைப்பதாக வாக்குக் கொடுத்தான். அவனுடைய நன்னடத்தைக்கு உதவுவதாக அடிகளாரும் பொறுப்பேற்றார். நோயுற்றால் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதென்று, 1850இலேயே தம் இளைஞரிடையே ஒரு பரஸ்பர உதவிச் சங்கமும் தொடக்கியிருந்தார்.

எனினும் ஒப்பந்தத்தால் எல்லாத் தீமையையும் தடுக்க முடியவில்லை. பட்டறைகளிற் கேட்ட கெட்ட பேச்சும், கண்ட கெட்ட பழக்கமும் பிள்ளைகளைக் கெடுத்தன. ஆகவே 1853இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையற் பட்டறையையும் திறந்தார். தாம் மாணவனாயிருந்தபோது பழகிய கைத்தொழில்கள் இப்போது அவருக்குக் கைகொடுத்தன. தொடர்ந்து 1854இல் புத்தகம் கட்டுதல், 1856இல் தச்சு, 1861இல் அச்சகம், 1862இல் இரும்பு வேலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிள்ளைகளின் கிழிந்த உடைகளைத் தைத்துப் பத்து ஆண்டுகள் தாயாக இருந்த மார்கரீத்தா அம்மாள் 1856இல் கண்மூடினார். 1859இல் அடிகளார் சலேசிய சபையை நிறுவினார்.

1888ஆம் ஆண்டு தை மாதம் 31ஆந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். 1934இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 1958இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இத்தாலியத் தொழில் பழகுநரின் பாதுகாவலராக அவரை அறிவித்தார்.

அன்பான வாசகரே, உங்களிடம் தொழில் பழக வந்த பிள்ளை மலிவான கூலியாள் அல்லன். ஒரு தாய் உங்களை நம்பி ஒப்படைத்த பிள்ளை. ஓராண்டு கழிந்தபின் அவன் கைக்கு என்ன வேலை தெரிந்திருக்கிறது? கூலி கூடியதா? ஞாயிறு பூசைக்கு அவனை விடுகிறீர்களா? கோபம் வரும்போது உங்கள் கை எங்கே போகிறது? பெற்றோரே, பிள்ளையைச் சேர்த்துவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவன் நிற்கும் பட்டறைக்கு ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். பொஸ்கோ அடிகளார் அதைத்தான் செய்தார்.