அனந்தாழ்வானின் மலர்க் கைங்கர்யம்

திருமலையில் திருவேங்கடமுடையான் ஸந்நிதியின் மஹாத்வாரத்தில் நுழையும் அன்பர்கள், சுவரில் உயரே ஓர் இரும்புக் கடப்பாறை தொங்கக் காண்பார்கள். பொன்னும் மணியும் குவியும் அத்திருக்கோயிலில், மண் தோண்டிய கருவிக்கு இத்தகைய ஏற்றம் வாய்த்தது ஸ்ரீ அனந்தாழ்வானால் ஆகும்.

இம்மஹான் மேல்கோட்டைக்கு அண்மையிலுள்ள சிறுபுத்தூரில், 1053ஆம் ஆண்டு சித்திரை மாதச் சித்திரை நன்னாளில் திருவவதரித்தார் என்பர் பெரியோர். திருவாய்மொழித் தனியன்களுள் ஒன்றை அருளிச்செய்த பெரும்புலமை வாய்ந்தவர்.

திருவரங்கத்தில் ஸ்ரீராமாநுஜர் திருவாய்மொழிப் பொருளை உபதேசித்தருளுங்கால், திருவேங்கடமுடையானுக்கு மலரிடுதலைக் கூறும் பாசுரம் வந்தது. அம்மலையில் தங்கி நந்தவனம் அமைத்து மாலை கட்டவல்லார் உண்டோ என்று உடையவர் வினவினார். கடுங்குளிருக்கும் காட்டுவாழ்வுக்கும் அஞ்சி அனைவரும் வாளாவிருந்தனர். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். ஆசார்யனைப் பிரிவது அரிதெனினும், ஆசார்ய நியமனத்தைத் தலைமேற்கொண்டு தேவிகளுடன் திருமலைக்கு எழுந்தருளினார்.

மலர்ச்செடிகளுக்கு நீர் வேண்டியிருந்தது. ஆழ்வான் கடப்பாறை ஏந்தி ஏரி வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் மண் சுமந்தார். அவர்தம் தளர்ச்சி கண்டு இரங்கிய எம்பெருமான், சிறுவனாக வந்து கூடையை வாங்கிச் சுமந்தான். தமக்கு இட்ட பணியில் பிறர் பங்கு கொள்ளலாகாது என்று சினந்த ஆழ்வான் கடப்பாறையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. சிறுவன் ஓடி மறைந்தான். ஸந்நிதியிலோ எம்பெருமானின் திருமோவாயில் குருதி பெருகிற்று. உண்மை உணர்ந்து உருகிய ஆழ்வான் அங்கே பச்சைக் கர்ப்பூரம் சாற்றினார். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஒருகால் அவர் மாலை தொடுத்துக்கொண்டிருந்தபோது ஸந்நிதியிலிருந்து அழைப்பு வந்தது. கைப்பணி முடியுமளவும் அவர் எழுந்திலர். பின்னர்ச் சென்று, மலரும் பருவம் தவறினால் மாலை பயனற்றுப் போகும் என்றும், ஆசார்யன் இட்ட பணியைக் கைவிட்டுத் தமக்கு ஸந்நிதியில் ஆவதொன்றில்லை என்றும் விண்ணப்பித்தார். வேறொருநாள் பாம்பு தீண்டியபோதும் மருந்து நாடாது பணியைத் தொடர்ந்தார். நஞ்சு வென்றால் விரஜையில் நீராடி வைகுந்தத்தில் தொண்டு செய்யலாம்; தாம் வென்றால் திருக்கோனேரியில் நீராடி இங்கேயே தொண்டு செய்யலாம் என்பது அவர்தம் துணிபு. எங்கிருப்பினும் தொண்டு ஒன்றே அவர் வேண்டியது.

பின்னாளில் திருமலைக்கு எழுந்தருளிய உடையவர், தம் திருநாமமிட்ட அந்நந்தவனத்தைக் கண்டு, அனந்தாழ்வானை வளர்த்த பயனைப் பெற்றதாக உகந்தருளினார். இன்றும் திருவாடிப்பூரத்தன்று மலையப்ப ஸ்வாமி நாச்சிமாருடன் அத்தோட்டத்திற்கு எழுந்தருளி, ஆழ்வான் திருவரசு விளங்கும் மகிழ மரத்திற்கு மரியாதை செய்தருளுகிறார்.

மண் வெட்டுதலும், நீர் இறைத்தலும், நார் கிழித்துப் பூத்தொடுத்தலும் நாள்தோறும் செய்யும் எளிய தொழில்களே. எம்பெருமானுக்கென்று எண்ணிச் செய்தமையால் அவை கைங்கர்யமாயின. உத்ஸவம் ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், உழுநிலத்திலும் அடுக்களையிலும் அலுவலகத்திலும் காத்திருக்கும் தத்தம் பணிகளை அவ்வெண்ணத்துடன் மேற்கொண்டு, திருவேங்கடமுடையான் திருவருளுக்கு இலக்காவார்களாக.