தியாகராஜ பாகவதர்

தமிழ்ப் பேசும் படங்களின் முதல் இருபது வருஷ சரித்திரத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரைப் போல ஜனங்களின் அபிமானத்தைப் பெற்ற நடிகர் வேறொருவர் இல்லை. அவரைப் போல அதிகார வர்க்கத்தின் நீதி பரிபாலனத்தால் அலைக்கழிக்கப்பட்டவர்களும் அத்துறையில் வெகு சிலரே. அவர் நடித்த படங்கள் மொத்தம் 14 தான்.

1910-ம் வருஷம் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். பாலப் பருவத்திலேயே எப். ஜி. நடேசய்யர் நடத்திய ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேஷம் ஏற்றார். நாடக மேடையில் புகழ் தந்த பவளக்கொடியே, 1934-ல் கே. சுப்ரமண்யம் டைரக்ஷனில் அவருடைய முதற் படமுமாயிற்று.

1937-ல் வெளிவந்த சிந்தாமணி அவரை நட்சத்திரமாக்கிற்று. அப்படத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரால் ஒரு கொட்டகையே எழுந்தது. ஆயினும், அவ்வருஷத்துப் படங்களில் அம்பிகாபதியையே நாம் உயர்வாகக் கொள்வோம். தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் டங்கன், ரோமியோ ஜூலியட் நாடகத்தின் சாயலைக் கம்பர் மகனின் கதையில் புகுத்தினார். பாட்டுக்கே வந்த கூட்டம் பாகவதரிடம் நடிப்பையும் கண்டது அப்படத்தில்தான். பின்பு திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி ஆகியவை வந்தன. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் ஜி. ராமநாதனின் இசையமைப்பும் அவருடைய குரலுக்கு உற்ற துணையாயின.

1944 தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1931 முதல் மின்சார ரயில் ஓடியதால், மாடம்பாக்கத்தார் தாம்பரம் வரை நடந்தால் போதும். பிராட்வே எட்டாத தூரமன்று. தாய் தந்தையரை அவமதித்த மகன் காலிழந்து, மனந்திருந்தும் கதை அது. கொட்டகையில் ஜனங்கள் அவரைத் திரையில் கண்டுகொண்டிருக்க, அவரோ சிறைக்குள் இருந்தார்!

1944 நவம்பரில் இந்துநேசன் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு மாண்டார். அடுத்த மாதம் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியானதும் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறு விசாரணை செய்யும்படி அங்கிருந்து திரும்பி வந்தது. வி. எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. சுதந்திரத்துக்கு அப்போது நான்கு மாதங்கூட இல்லை. ஏறக்குறைய முப்பது மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன. அக்காலத்துக்கு எவர் ஈடு செய்தார்? கொலை செய்தவர் யார் என்பதும் இறுதிவரை துலங்கவில்லை.

அவர் நடிக்கவிருந்த உதயணன், ஜி. என். பாலசுப்ரமணியத்துக்குப் போயிற்று. விடுதலைக்குப் பின் வந்த ராஜமுக்தி (1948) தோற்றது. இதற்குச் சிறையை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ரசனையே மாறிக்கொண்டிருந்தது, அமரகவி வந்த 1952-லேயே பராசக்தியும் வந்து, பாட்டை விட வசனத்துக்குக் கைதட்டும் காலம் பிறந்துவிட்டது. 1957-ல் புது வாழ்வு படத்தைத் தாமே டைரக்ட் செய்தார், அதுவும் பலிக்கவில்லை.

நீரிழிவு நோயால் நலிந்து, 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 49. கடைசிப் படமான சிவகாமி மறு வருஷந்தான் திரைக்கு வந்தது.