கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது

உங்களில் கனபேருக்குத் தமிழ் நல்லாகக் கதைக்க வரும். அம்மம்மாவோடு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைப்பீர்கள். ஆனால் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பென்சில் நின்றுவிடும், இல்லையா? அப்படி இருந்த ஒருவர்தான் பிறகு 115 நாவல்கள் எழுதினார். அவருடைய பெயர் வை. மு. கோதைநாயகி.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி தமிழ்நாட்டில் பிறந்தார். மிகச் சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். ஐந்தரை வயதில் அவருக்குக் கலியாணம் நடந்தது. ஓம், நீங்கள் பிழையாக வாசிக்கவில்லை, ஐந்தரை வயதுதான்! உங்கட தங்கச்சி பாலர் வகுப்புக்குப் போகிற வயது. மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சின்னப் பையன்தான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். 14 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளைக்குக் கலியாணம் செய்யக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் 1929ஆம் ஆண்டில்தான் வந்தது.

கோதைநாயகி பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. சின்னப் பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்து கதை கேட்பார்கள். கணவர் அவரை நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். பார்க்கப் பார்க்க, தானும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆசை வந்து என்ன செய்ய? எழுதத் தெரியாதே!

அவருக்குப் பட்டம்மாள் என்று ஒரு சிநேகிதி இருந்தார். கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படித்தான் ‘இந்திர மோகனா’ என்ற முதல் நாடகம் பிறந்தது. பிறகு கோதைநாயகி தானே எழுதவும் பழகிக்கொண்டார். (இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பட்டம்மாள்தான். அவர் ஏலாது என்று சொல்லியிருந்தால்?)

1925ஆம் ஆண்டு கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கினார். அதிலே ‘வைதேகி’ என்ற நாவலைத் தொடராக எழுதினார். அடுத்த பகுதி எப்ப வரும் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். நீங்கள் தொலைக்காட்சித் தொடருக்குக் காத்திருக்கிற மாதிரித்தான்.

அவருடைய கதைகளில் காதல் இருக்கும், மர்மம் இருக்கும், குடும்பச் சண்டையும் இருக்கும். ஆனால் அதுக்குள்ளே பெரிய கேள்விகளும் இருந்தன. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க ஏன் சீதனம் கேட்க வேண்டும்? சின்ன வயதிலேயே கணவன் இறந்துபோனால், அந்தப் பெண் ஏன் திரும்பக் கலியாணம் செய்யக்கூடாது? அப்போது இதையெல்லாம் வெளியில் கேட்பது லேசான விஷயம் இல்லை. பெண்கள் நாவல் வாசித்தாலே கெட்டுப்போவார்கள் என்று நினைத்த காலம் அது. இங்கே ஒரு பெண் அதை எழுதி, அச்சடித்து, விற்கிறார்! ஊர் வாய் சும்மா இருக்குமா? கணவர் பார்த்தசாரதி மட்டும் கடைசி வரை அவர் பக்கம் நின்றார்.

காந்தியைச் சந்தித்த பிறகு கோதைநாயகி பட்டுச் சேலையையும் நகைகளையும் விட்டுவிட்டுக் கதர் உடுத்தார். மேடைகளில் பேசினார், பாடினார். கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார். அதனால் சிறைக்கும் போனார். அங்கேயும் எழுதுவதை நிறுத்தவில்லை.

1956ஆம் ஆண்டு அவருடைய மகன் சீனிவாசன் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் இருந்து அவரால் எழும்ப முடியவில்லை. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கோதைநாயகி காலமானார்.

ஆறு வருடம் கழித்து, அவருடைய ‘தயாநிதி’ நாவல் ‘சித்தி’ என்ற பெயரில் படமாக வந்தது. பத்மினி நடித்த படம். உங்கட அம்மம்மாவோ அப்பம்மாவோ அதைப் பார்த்திருக்கக்கூடும். இன்றைக்குக் கேட்டுப் பாருங்கோ. அவர்கள் சொல்லுகிற கதையை நீங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கோ.