அரசின் தலைமை வக்கீல் பதவியையே தூக்கிப் போட்டவர்... யார் இந்த எஸ்.சீனிவாச அய்யங்கார்?

படூரில் ஓ.எம்.ஆர். ஓரமா நிலம் வச்சிருக்கிற ஒருத்தர் அரசை எதிர்த்து ஹைகோர்ட்டில் கேஸ் போடுறார்னு வச்சுக்கோங்க. அரசுக்காக யார் வாதாடுவாங்க? வழக்கமா அரசு வழக்கறிஞர்கள். விவகாரம் பெரிசுன்னா, அட்வகேட் ஜெனரல் எனப்படும் அரசு தலைமை வழக்கறிஞரே வருவார். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும் அவர் வேலைதான்.

சரி, தன் கட்சிக்காரரான அரசு செய்வது தப்புன்னு அவருக்கே தோணினா? 100 வருஷத்துக்கு முன்பே அந்த நிலைமையில் நின்றவர் எஸ்.சீனிவாச அய்யங்கார்.

ராமநாதபுரம் டு ஹைகோர்ட்

1874-ல் ராமநாதபுரம் சீமையில் பிறந்தவர். 1898-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். மாமனார் பாஷ்யம் அய்யங்கார், சென்னையில் அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்த முதல் இந்தியர். 1916-ல் அதே நாற்காலி மருமகனுக்கும் வந்தது. கூடவே ஆங்கிலேய அரசின் சி.ஐ.இ. பட்டமும்.

1920: திருப்பம்

1919-ல் ரௌலட் சட்டம், ஜாலியன் வாலாபாக் படுகொலை என நாடே கொதித்தது. அந்த அரசின் சார்பில்தான் இவர் கோர்ட்டில் நிற்க வேண்டும். 1920-ல் பதவியை விட்டார். பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் முழுநேர அரசியல். 1926-ல் கவுகாத்தி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். டொமினியன் அந்தஸ்து போதும் என்றது 1928-ன் நேரு அறிக்கை. முழு விடுதலைதான் வேண்டும் என்று அதை எதிர்த்து உருவான சுதந்திர லீக்குக்கும் இவரே தலைவர். ஜவஹர்லால் நேருவும் சுபாஷ் சந்திர போஸும் அதன் செயலாளர்கள்! வழக்கு விஷயமா இவரிடம் ஆலோசனை கேட்க வந்த முத்துராமலிங்கத் தேவரை காங்கிரஸ் பக்கம் ஈர்த்ததும் இவர்தான்.

அரசியலில் இருந்து ஒதுங்கிய பின் சட்டப் புத்தகங்களுக்கே திரும்பினார். மெயினின் இந்து சட்ட நூலைத் திருத்திப் பதிப்பித்தார். 1941 மே 19-ல் காலமானார்.

இப்போ எப்படி?

அரசியலமைப்பின் 165-வது பிரிவுப்படி அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதி ஆகத் தகுதி வேண்டும். நிலையான பதவிக்காலம் கிடையாது. ஆளுநர் விரும்பும் வரைதான். கிரிமினல் வழக்குகளை நடத்த பப்ளிக் பிராசிக்யூட்டர் தனியா இருக்கார்.

அரசுக்கு வாதாடலாம், ஆலோசனை சொல்லலாம். ஆனா அரசு அதைக் கேட்கலைன்னா? அவர் கையில் மிச்சம் இருப்பது ராஜினாமா கடிதம்தான். சீனிவாச அய்யங்கார் அதை எழுதினார்.