ரப்பர் ஏன் இறுகுகிறது என்று கேட்ட தோட்டத்துப் பிள்ளை

ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் பால்மரக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனது, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வந்தது, மழை பெய்தால் அன்றைய வேலையே கெட்டுப்போனது என்று பல கதைகள் வரும். ஆனால், அந்தப் பால் ஆலைக்குப் போன பிறகு என்ன ஆனது என்று கேட்டால் பலருக்கும் தெரிந்திருக்காது. அங்கேதான் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையின் கதை தொடங்குகிறது. அவர்தான் டான்ஸ்ரீ டாக்டர் பி.சி. சேகர்.

1929ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சிலாங்கூரில் உள்ள ஊலு பூலோ ரப்பர் தோட்டத்தில் அவர் பிறந்தார். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். டில்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த சேகர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பை மேற்கொண்டார். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு கோலாலம்பூரில் இயங்கிவந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலாளராகப் பணியில் சேர்ந்தார்.

அது ரப்பருக்குச் சோதனையான காலம். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் நின்றது. உடனே அமெரிக்கர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். போர் முடிந்த பிறகும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. செயற்கை ரப்பர் எப்போது வாங்கினாலும் ஒரே தரத்தில் இருந்தது. நம் நாட்டு ரப்பர் ஷீட்டையோ வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். புகைக்கூடத்தில் பல நாள் உலர்த்தி, நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள பேல்களாகக் கட்டி அனுப்பினார்கள். டயர் ஆலைகள் செயற்கை ரப்பரின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டால், பால்மரத்தை நம்பிய இலட்சக்கணக்கான குடும்பங்களின் கதி என்ன?

இன்னொரு தொல்லையும் இருந்தது. கப்பலேறும்போது மென்மையாக இருந்த ரப்பர், கிடங்கில் கிடக்கக் கிடக்க இறுகியது. பிறகு அதைக் கனத்த எந்திரங்களில் போட்டு நெடுநேரம் பிசைந்தால்தான் பயன்படுத்த முடியும். மின்சாரமும் நேரமும் வீணாயின. இது இயற்கை ரப்பரின் குணம், மாற்ற முடியாது என்றே பலரும் விட்டுவிட்டார்கள்.

சேகர் அப்படி விடவில்லை. ஏன் இறுகுகிறது என்ற கேள்வியை 1950களில் கையிலெடுத்தார். ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி போன்றது. அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே மிகச் சிறிய அளவில் ஆல்டிஹைடு என்னும் வேதித் தொகுதிகள் இருப்பதை அவர் கண்டறிந்தார். நாளடைவில் அவை ஒரு சங்கிலியை மற்றொன்றோடு பிணைக்கின்றன. அதனால்தான் ரப்பர் இறுகுகிறது. காரணம் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. பாலை உறைய வைக்கும் முன்னரே ஹைட்ராக்சிலமைன் என்ற சேர்மத்தின் உப்பைச் சேர்த்தால் அந்தப் பிணைப்பு ஏற்படாது. ஒரு கிலோ உலர் ரப்பருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் போதும். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் மென்மை மாறாத ரப்பர் இப்படித்தான் பிறந்தது.

அடுத்து, ரப்பரைப் பதப்படுத்தும் முறையே மாறியது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேகரும் அவருடைய சக ஆய்வாளர்களும், உறைந்த பாலில் சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளைகளுக்கு இடையே விட்டால், அது சிறுசிறு துகள்களாக உதிர்வதைக் கண்டார்கள். ஷீட் உலரப் பல நாள் ஆகும். துகள்களோ சில மணி நேரத்தில் உலர்ந்தன. அவற்றை அழுத்தி, சுமார் 33 கிலோ கட்டிகளாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பினார்கள்.

1965இல் எஸ்.எம்.ஆர். என்னும் தர முறை அறிமுகமானது. கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த இடத்தில் ஆய்வுக்கூடச் சோதனை வந்தது. எஸ்.எம்.ஆர். 10 என்றால் அதில் அழுக்கு 0.10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, எஸ்.எம்.ஆர். 20 என்றால் 0.20 விழுக்காடு என்று முன்பு வரம்பு இருந்தது. வாங்குபவருக்கு இனி சந்தேகம் இல்லை. மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பாலுக்கும் நல்ல சந்தை கிடைத்தது. மற்ற ரப்பர் நாடுகளும் இதே வழியைப் பின்பற்றின.

1966இல் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநராகச் சேகர் பொறுப்பேற்றார். வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டுமே அமர்ந்திருந்த நாற்காலி அது. 1973இல் அரசுப் பணிக்கான ரமோன் மக்சாய்சாய் விருது அவரைத் தேடி வந்தது. பின்னர் செம்பனை எண்ணெய்க்கும் ஓர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தபோது அதன் தொடக்ககாலத் தலைவராகவும் இருந்தார்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆலையில் வந்த முன்னேற்றம் மரம் வெட்டியவர்களின் சம்பளத்தைத் தானாக உயர்த்திவிடவில்லை. அதற்குத் தொழிற்சங்கங்கள் தனியே போராட வேண்டியிருந்தது. ஆயினும் ரப்பருக்குச் சந்தையே இல்லாமல் போயிருந்தால் கேட்பதற்குச் சம்பளமும் இருந்திருக்காது.

ஓய்வு பெற்ற பிறகும் சேகரின் ஆய்வு ஓயவில்லை. தேய்ந்த டயர்கள் மலைபோலக் குவிவது அவரைச் சிந்திக்க வைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில் சங்கிலிகளைக் கந்தகம் இறுகக் கட்டிவிடுகிறது. அந்தக் கட்டை மட்டும் அவிழ்க்க முடியுமா என்று ரஷ்ய விஞ்ஞானி கோர்மருடன் இணைந்து ஆராய்ந்தார். பழைய ரப்பர்த் துகளோடு ஒரு வேதிக் கலவையைச் சேர்த்து, சாதாரண உருளை எந்திரத்தில் சில நிமிடம் அரைக்கும் முறை உருவானது. டீலிங்க் எனப்படும் இந்த முறைக்கு 1998இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இப்படிக் கிடைக்கும் ரப்பர் புதிய ரப்பருக்கு முழுவதும் ஈடாகாது. என்றாலும், எரிக்கவோ புதைக்கவோ வேண்டிய பொருளை மீண்டும் பயன்படுத்த அது வழி காட்டியது.

காப்புரிமை என்றால் என்ன? கண்டுபிடித்தவர் தம் முறையை மறைக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம்வரை அவர் அனுமதியின்றிப் பிறர் அதைத் தொழிலில் பயன்படுத்த முடியாது. காலம் முடிந்தால் அது எல்லாருக்கும் சொந்தம். இன்று அந்தக் காலம் பொதுவாக 20 ஆண்டுகள். அதன்படி டீலிங்க் முறையும் இப்போது யாரும் படித்து மேம்படுத்தக்கூடிய பொதுச் சொத்து.

2006இல் சேகர் மறைந்தார். நம் வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் கேள்விகள் தீர்ந்துபோகவில்லை. வீட்டில் ஒரு ரப்பர் வளையத்தை வெயிலில் சில வாரம் போட்டு வையுங்கள். அது விறைத்து, வெடித்து, இழுத்தால் அறுந்துவிடும். இதற்குக் காரணம் வேறு. அது என்ன என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். ஊலு பூலோ தோட்டத்துப் பிள்ளையின் பயணமும் இதுபோன்ற ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.