ராஜேந்திர பாபுவும் ஜனாதிபதித் தேர்தலும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் செங்கம் சாலையில் ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாயிலைக் கடந்து செல்கிறார்கள். 1938-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜம்னாலால் பஜாஜுடன் அங்கு வந்து, பகவான் ரமணரின் சந்நிதியில் சில தினங்கள் கழித்தார் பாபு ராஜேந்திர பிரசாத். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அவரே பாரதக் குடியரசின் முதல் ஜனாதிபதியானார். ஜனாதிபதித் தேர்தல் முறையைத் திருத்த வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம் இப்பெரியாரின் ஜீவிய சரித்திரத்தை நினைவுகூர்வது தகும் என்று நாம் கருதுகிறோம்.

1884 டிசம்பர் 3-ஆம் தேதி பீஹாரில் ஜீராதேயி கிராமத்தில் பிறந்த அவர், கல்கத்தா சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் முதல்வராகத் தேறி, வக்கீல் தொழிலில் பெரும் பெயர் பெற்றார். 1917-இல் சம்பாரண் குடியானவர்களுக்காகக் காந்தியடிகளுடன் உழைத்தார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகத் தொழிலையே துறந்தார். 1934-ஆம் வருஷத்துப் பீஹார் பூகம்பத்தின்போது அவர் நடத்திய நிவாரண வேலையைத் தேசம் முழுவதும் போற்றியது.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்ற பிரச்னை அவர் வாழ்வில் இருமுறை குறுக்கிட்டது. 1939-இல் காங்கிரஸ் பிரதிநிதிகள் வோட்டளித்துச் சுபாஷ் சந்திர போஸைத் தலைவராக்கினர். காரியக் கமிட்டியினர் பலர் அதற்கு இணங்காமல் விலகினர். ராஜேந்திர பாபுவும் அவர்களில் ஒருவர். ஏப்ரலில் போஸ் ராஜிநாமாச் செய்ய, அவ்விடத்திற்கு ராஜேந்திர பாபுவே வந்தார். பிரதிநிதிகளின் தீர்ப்பு அன்று நிலைக்கவில்லை என்பதை அவரிடம் மதிப்புள்ள நாமும் மறைப்பதற்கில்லை.

1949-இல் நிலைமை மாறியது. கவர்னர் ஜெனரலாக இருந்த நமது ராஜாஜியே முதல் ஜனாதிபதியாக வேண்டுமென்று பண்டித நேரு விரும்பினார். அரசியல் நிர்ணய சபையின் காங்கிரஸ் அங்கத்தினரோ, 1942-ஆம் வருஷப் போராட்டத்தில் ராஜாஜி விலகி நின்றதை மறக்கவில்லை. அவர்களுடைய அபிப்பிராயமே வென்றது. 1950 ஜனவரி 24-ஆம் தேதி ராஜேந்திர பாபு போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழருக்கு அது ஏமாற்றமாயினும், அங்கத்தினரின் விருப்பம் தலைவரின் விருப்பத்தை மீறி நின்றது என்பது ஜனநாயகத்திற்குப் பெருமையே.

அவர் தலைமை வகித்த அச்சபையில், வயது வந்தோர் அனைவரும் நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று கே. டி. ஷா வாதாடினார். உண்மை அதிகாரம் மந்திரிசபையிடம் இருக்கையில் அது பொருந்தாது என்று சபை அதை ஏற்கவில்லை. 1952-இல் அதே ஷா, தாம் எதிர்த்த முறையிலேயே ராஜேந்திர பாபுவுடன் போட்டியிட்டு 92,827 வோட்டுப் பெற்றார். ராஜேந்திர பாபுவுக்கு 5,07,400 கிடைத்தன. 1957-இல் மீண்டும் வென்று, 1962 மே மாதத்தில் பதவியிலிருந்து விலகிப் பாட்னா திரும்பிய அவர், 1963 பிப்ரவரி 28-ஆம் தேதி காலமானார்.

அமெரிக்காவில் கட்சி அபேட்சகரைத் தேர்வதிலேயே சாதாரண வோட்டர்களும் பிரைமரி என்னும் முன்தேர்தலில் பங்கு கொள்கின்றனர். ஆயினும் பெரும்பாலான மாகாணங்களில் வென்றவருக்கே எலெக்டோரல் வோட்டு முழுவதும் சேர்வதால், 2000-இலும் 2016-இலும் ஜனங்களிடம் குறைந்த வோட்டுப் பெற்றவரே ஜனாதிபதியானார். நம் நாட்டில் குறை நேர்மாறானது. ஜனத்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு வோட்டுக்கும் மதிப்புண்டு. 1971-ஆம் வருஷக் கணக்கின்படி தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் வோட்டு 176 ஆகும். வோட்டு இரகசியமானது; கட்சிக் கொறடாவின் கட்டளைக்கும் இத்தேர்தலில் இடமில்லை. ஆனால் அபேட்சகர் யாரென்பதைச் சில தலைவர்கள் மூடிய அறையில் முடிவு செய்துவிடுகிறார்கள். 176 மதிப்புள்ள வோட்டு, முடிந்த காரியத்திற்கு முத்திரை குத்துவதோடு நின்றுவிடுகிறது.

ஆகையால், அபேட்சகரை நிறுத்தும் முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்களைக் கூட்டி, அதே மதிப்புகளுடன் இரகசிய வோட்டெடுக்க வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. கட்சிகளின் மனமே போதும். 1939-இல் நிலைக்காமற் போனதையும் 1949-இல் நிலைத்ததையும் ஒரே மனிதரின் வாழ்வில் கண்ட நாடு, இரண்டில் எதைப் பின்பற்றுவதென்று இனியும் தயங்கலாகாது.